கலினாம்மாவின் மணிச்சட்டம்

— கம்பி வளைஞ்சிதாங்க இருக்கும், நிமித்தாதீங்க!

— அப்ப கோணலாவே செஞ்சிருக்கானா? ஏன் அம்சவல்லி, ரஷ்யாக்காரம்மா வூட்டுல நீ பாத்திரந்தானே தேய்க்குற, இத்த எதுக்கு நம்ம வூட்டுக்குக் குடுத்தாங்க?

— கலினாம்மா ஊருக்குக் கெளம்புறாங்கல்ல, நீயே வச்சிக்கன்னுட்டாங்க. கணக்குப் போடுற மணிச்சட்டமாம்.

— பவர் ஹவுசு கட்ட வந்தவங்க மணிய உருட்டிகினா கணக்குப் போடுவாங்க?

— அவுங்க ஊர்ல கடைக்குக் கடை இதுதானாம். பாஷை மாத்திச் சொல்ற ஐயா சொன்னாரு. சீனாக்காரன் சட்டத்துல குறுக்க ஒரு கட்டை தடுத்துகினு இருக்குமாம். இதுல அது கெடையாது. கம்பிக்குப் பத்து மணி, கைவெரலாட்டம்.

— நடுவுல ரெண்டு மட்டும் கறுப்பா இருக்குதே?

— எண்ணிகினு இருக்காம பார்த்ததும் தெரியத்தான். இந்தக் கம்பி ஒண்ணு, மேல் கம்பி பத்து.

— ஏழும் அஞ்சும் போடு, பாப்பம்.

— ஏழு... இன்னும் மூணு தள்ளுனா கம்பி நெறைஞ்சிபோச்சி. அத்தனையும் திருப்பி வுட்டுட்டு மேல ஒண்ணு. பாக்கி ரெண்டு கீழ. பன்னண்டு!

— அட்ரா சக்கை! பாஷை தெரியாம எப்படிக் கத்துக்கின?

— எங்களுக்குப் பாஷையே இதுதாங்க. வேலைக்குப் போன புதுசுல, கையில கொழந்தைய ஆட்டுறாப்புல காட்டி, மணியையும் காட்டுனாங்க. எத்தினி புள்ளைங்கன்னு கேக்குறாங்க.

— ரெண்டுன்னு தள்ளுனியா?

— அவுங்கதான் மொதல்ல தள்ளுனாங்க. ரெண்டு மணி. அப்புறம் ஒண்ண மட்டும் திருப்பித் தள்ளிட்டு, அது மேலருந்து வெரல எடுக்கவே இல்ல.

— செத்துப்போச்சா?

— அந்தப் பெரிய சண்டையப்ப. பால் இல்ல, ரொட்டி இல்ல. ஐயா அப்புறமாத்தான் சொன்னாரு.

— அடப்பாவமே. நீ என்னா பண்ண?

— நான் மூணு தள்ளுனேன்.

— நமக்கு ரெண்டுதானே?

— ஒண்ணத் திருப்பித் தள்ளிட்டேங்க.

— எந்த ஒண்ண?

— தலைச்சன. பொறந்து அழாமயே போச்சே, அத. பேருகூட இல்லாத புள்ளைய எதுக்குக் கணக்குல சேக்குறன்னு திட்டுவீங்கன்னுதான் இத்தினி நாளா சொல்லல. நீங்களும் ஒரு நாளும் அதப் பத்திப் பேசுனதில்ல.

— பேரு இருக்குது, அம்சா. குழியில எறக்கறப்ப, காதுல சடையப்பான்னு மூணு வாட்டி கூப்புட்டுட்டுத்தான் மண்ணத் தள்ளுனேன்.