மச்சு வூட்டு உத்தரம்

அலோ... சுகுமாரு? நான்தாம்பா, இளமதி அண்ணி... வெக்காத, வெக்காத! சண்டைக்கு இல்லப்பா. உன் ஜேசிபிய நிறுத்தச் சொல்லு.

...இன்னா? கேக்கல, ஒரே எஞ்சின் சத்தம்... ஆமா... ஆமா, இடிக்கறது உன் பாகம்தான். யாரு இல்லன்னா? உங்கண்ணன் பிரிச்சாரு, சின்னவன் நீ மொதல்ல எடுத்த. மொற அதான். மச்சுப்படி இருக்கற பக்கமா பாத்து எடுத்துக்கின, வாயத் தொறந்தமா? பஸ் ஸ்டாப் பேரே மச்சு வூடு. இடிக்காதன்னு ஒரு வார்த்த கேட்டமா?

...சொன்னேன்பா! உன் டிரைவர் ஐசக் கிட்ட தொண்ட கிழிய கத்தனேன். "அண்ணன் வூட்டுல வந்து தடுப்பாங்க, நிறுத்தாதன்னு ஓனர் சொல்லிகீறாரு"ங்கறான். சொன்னியா இல்லியா?

...சரி, வுடு.

உங்கண்ணன் உள்ள கீறாரு, சுகுமாரு. ...எங்க பக்கம் இல்ல. உன் பக்கம். உத்தரத்துக்குக் கீழ.

...டிராமாவா? யாரு, அவரா? உன் கல்யாணத்துல போட்டோவுக்கு நிக்கச் சொன்னதுக்கே மாட்டுக்கொட்டாய்ல போய் ஒளிஞ்ச மனுசன்!

நான் சொல்றதக் கேளு. பாகம் பிரிச்சப்போ நடுவுல சுவரு எழுப்பனீங்களே, அது ஆளுயரந்தான். உத்தரத்தத் தொடல. ரெண்டு பாகத்துக்கும் அது ஒத்த மரம். உங்க தாத்தா புள்ளலூர்லேர்ந்து ரெண்டு வண்டிய சேத்துக் கட்டி ஏத்திக்கினு வந்தது. ஏரி ஒடஞ்சப்போ தெருவே வெத நெல்லோட மச்சுமேல ஏறி நின்னுதாமே, அத்தினி பாரத்தையும் தாங்கனது. அறுக்க ரெண்டு பேருக்குமே மனசு வரல. இப்ப உன் பக்கத்துச் சுவரு போச்சுன்னா அது எதுமேல நிக்கும்?

...ஆமா. ...ஆமா, எங்க பக்கமும் சேந்துதான் எறங்கும்.

...இல்லப்பா, தடுக்கப் போவல. முட்டு குடுக்கப் போய்கீறாரு, பனங்கட்டையத் தூக்கினு. "தம்பி ஆச ஆசயா கட கட்டப் போறான், அவன் வேல நிக்கக் கூடாது, நீ வாய மூடினு இரு"ன்னு என்னிய அதட்டிட்டுப் போனாரு.

...அலோ? ...சுகுமாரு? ...அழுவறியா? அப்புறமா அழு! மொதல்ல ஐசக் கிட்டப் பேசு. இரு, ஓடறேன்...

ஐசக்கு! இந்தா, உங்க ஓனரு... காதுல வெச்சிக் கேளு!

...ம், நிறுத்திட்டான்பா. லைன்லயே இரு, வாசக்காலாண்ட வந்துட்டேன். யோவ்! வெளிய வாய்யா! உன் தம்பியே நிறுத்தச் சொல்லிட்டான்!

...வர மாட்டேங்கறாரு. ...கோவம் இல்லப்பா... தெரியல, கண்ணே தெரியல, ஒரே புழுதி... கட்ட சரிஞ்சிபோச்சாம். ...தோளக் குடுத்துனு நிக்கறாரு. நவுந்தா எறங்கிடுமாம்...

...நீ கெளம்பி எப்பப்பா வந்து சேருவ... ஐசக்கு, அந்தக் கட்டையத் தூக்கு! இந்தாண்ட, இந்தாண்ட... நான் இந்த மொனையப் புடிக்கறேன்...

சுகுமாரு, வெக்கறேன்பா. எனக்கு ரெண்டு கையும் வேணும்.