எடுத்துவிட்ட பெயர்

சௌனாவில் நீராவிக் குளியல் முடிந்ததும், மிச்சமிருக்கும் சூட்டில் அங்கேயே துணி காயப்போடாத பின்லாந்துக்காரர் யார்? கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். அதை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர்.

எங்கள் நிறுவனம் சௌனாவுக்கான மின்சார அடுப்பு செய்கிறது. அதைப் போட்டு அணைக்கும் கணினி நிரலை நான் எழுதவில்லை. தாப்பியோ என்பவர் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தார். யாரும் எடுத்து விற்கலாம். ஆனால் அவர் பெயர் இருக்க வேண்டும், அதோடு சேர்த்து நாம் எழுதியதையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும். என் பல வருட உழைப்பைப் போட்டிக் கம்பெனிக்குத் தட்டில் வைத்து நீட்டுவதா? பெயரை எடுத்துவிட்டேன். சின்ன வேலைதான்.

சென்ற அக்டோபரில் தாப்பியோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் இரவில் ஒரே மணி இருமுறை வருகிறதல்லவா, அதில் நிரல் குழம்பி, அணைந்த அடுப்பு தானாகவே மறுபடி சூடேறுமாம். திருத்தத்தையும் கூடவே வைத்திருந்தார். உடனே அதை எங்கள் அடுப்புகளுக்கும் அனுப்பினால், உள்ளே இருப்பது அவர் நிரல்தான் என்ற குட்டு வெளிப்பட்டுவிடும். கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன்.

அவரே போனில் கூப்பிட்டார்.

“ரைமோ, நேராவே கேக்கறேன். உங்க அடுப்பு பாதிச் சூட்டுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குதே, நான் எழுதினதும் அப்படித்தான் செய்யும். எடுத்திருந்தா சொல்லிடுங்க. கேஸெல்லாம் போட மாட்டேன்.”

“சேச்சே, எல்லாம் நாங்களே எழுதினது,” என்றேன்.

“அப்பாடா. அம்மா வீட்ல உங்க அடுப்புதான். சனிக்கிழமை தவறாம குளிச்சிட்டு அங்கேயே துணியக் காயப்போடுவாங்க. சொன்னா கேட்டாத்தானே? ஃபியூஸைப் பிடுங்கிடலாமான்னு பாத்தேன்.”

கடிகாரம் மாறப்போவது அந்தச் சனிக்கிழமை இரவுதான். அது எனக்கு நினைவிருந்தது.

“எதுக்குங்க சிரமம்? அவங்க நிம்மதியா குளிக்கட்டும்,” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

தாப்பியோவின் தாய் ஐலா அம்மையாருக்கு வயதாகிவிட்டது. துணியில் தீப்பற்றிப் புகை சூழ்ந்தபோது தூக்கத்தில் இருந்திருப்பார், வலி தெரிந்திருக்காது. அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பினேன். துணி காயப்போட்டது நான் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி யாருக்கும் ஆபத்தில்லை. திங்கட்கிழமை காலையிலேயே தாப்பியோவின் திருத்தத்தை எல்லா அடுப்புகளுக்கும் அனுப்பிவிட்டேன். பெயரை எடுத்துவிட்டுத்தான்.