எங்கை எண்டு கேட்கக்கூடாது

கோகுலன்: கேட்டிட்டாய், என்ன? படலையிலை கை வைக்கக் கேட்டிட்டாய்.

கலா: என்ன கேட்டிட்டன்? எங்கை போறியள் எண்டு கேட்டன்.

கோகுலன்: திருப்பியும் சொல்லுறாள் பார். வெளிக்கிடுற மனுசனை ஆராவது 'எங்கை' எண்டு கேப்பினமே? 'தூரவோ' எண்டெல்லோ கேக்கிறது. கொம்மா உனக்கு உதுகூடப் பழக்கேல்லையோ?

கலா: வாய் தவறிப்போச்சு. சரி, இப்ப கேக்கிறன். தூரவோ?

கோகுலன்: பிந்திப்போச்சு. இனி உள்ளுக்கை வந்து, இருந்து, தண்ணி குடிச்சு, கொஞ்சம் ஆறித்தான் போகவேணும். தள்ளு.

கலா: இந்தாங்கோ கதிரை. சப்பாத்தைக் கழட்டுங்கோ.

கோகுலன்: சப்பாத்து கிடக்கட்டும். தண்ணியைக் கொண்டா. அரைச் செம்பு காணும்.

கலா: முழுக்கக் குடியுங்கோ. கடல் விழுங்காத மனுசன், நான் ஒரு 'எங்கை' கேட்டதுக்கு றோட்டிலை விழுந்து செத்துப்போவியளோ?

கோகுலன்: எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு ஆருக்குத் தெரியும். சிவக்கொழுந்தரைப் பார்.

கலா: துவங்கிட்டார்.

கோகுலன்: நடுக்கடலிலை எஞ்சின் நிண்டு, நாள்க்கணக்கா மிதந்து, இந்தியாக் கரையிலை ஏறி, சிறையும் இருந்திட்டு வந்த மனுசன். ஆரோ செத்த எட்டாம்நாள் எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்குப் போய், இலைக்கு முன்னாலை இருந்து, உழுந்துவடை தொண்டையிலை இறுகி...

கலா: பாவம். சிரிக்காதையுங்கோ.

கோகுலன்: நான் எங்கை சிரிச்சன்? நீதான் சிரிக்கிறாய்.

கலா: அவற்றை மனுசி சொல்லி அழுததை நினைச்சன். 'கடல் திருப்பித் தந்த மனுசனை வடை கொண்டு போட்டுதே' எண்டு... செத்தவீட்டிலை ஒருத்தருக்கும் முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை.

கோகுலன்: அண்டையிலை இருந்து நீ வடை சுடுறேல்லை.

கலா: நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள். வடைக்குப் பயம். மட்டத்தேளுக்குப் பயம். படுக்க முன்னம் தலையணையை உதறி உதறிப் பஞ்சு பறக்குது. சாத்திரி நெருப்பிலை கண்டம் எண்டு சொன்னவராம், அதாலை இவர் காஸ் அடுப்பைத் தொடமாட்டார். தேத்தண்ணியும் நான்தான் வைச்சுக் குடுக்கவேணும்.

கோகுலன்: அது கண்டத்தாலை இல்லை. நீ வைச்சால்தான் நல்லா இருக்கும்.

கலா: கதையைப் பாருங்கோ. இவ்வளவுக்கும் பயந்த மனுசன் பொழுதுபட்டால் கடலுக்குப் போறார். லைஃப் ஜாக்கெட்டைக் குண்டிக்குக் கீழை வைச்சுக்கொண்டு.

கோகுலன்: இருக்க மெத்தெண்டு இருக்கும்.

கலா: பகிடி.

கோகுலன்: சாத்திரி தண்ணியிலை கண்டம் எண்டு சொல்லேல்லையே. சொல்லியிருந்தால் கொப்பர் உன்னைத் தந்திருப்பாரே?

கலா: அவர் உங்கடை சாதகத்தை எங்கை ஒழுங்காப் பாத்தவர். நான் அழுவன் எண்டு பயந்து ஓம் எண்டவர்.

கோகுலன்: உன்ரை சாதகத்திலை என்ன இருக்கு? நாலுகால் உயிராலை கண்டம். ஒழுங்கையிலை ஆடு வந்தால் வேலியோடை ஒட்டி நிக்கிறாய். மழை இருட்டினால் கண்ணாடியைச் சீலையாலை மூடுறாய். ஃபான் கழண்டு விழுமெண்டு பாயை மூலைக்கு இழுக்கிறாய். விடிய எழும்பி முகமாலைக்குப் போய் முழங்காலிலை இருந்து கண்ணிவெடி கிண்டுறாய்.

கலா: கிண்டுறேல்லை. சுரண்டுறது. மெள்ள மெள்ள. கிண்டினால் இப்ப இஞ்சை இருந்து உங்களோடை கதைப்பனே?

கோகுலன்: உதைத்தான் நானும் சொல்லுறன்.

கலா: எங்களுக்கு ஒரு முறை இருக்கு. எல்லைக்கு நட்ட சிவப்புத் தடிக்கு அங்காலை ஒரு விரல் வைக்கமாட்டம். நான் சேந்த நாள் துவக்கம் எங்கடை பகுதியிலை வேலை செய்யிற ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்திக்குக் குளவி கொட்டினது, அவ்வளவுதான். உங்கடை துறையிலை போன வாடைக்காத்துக்கு...

கோகுலன்: சரி, விடு.

கலா: ஏன் விடுறது? கடலுக்குப் போன சிமியோன் அண்ணை திரும்பி வந்தவரோ?

கோகுலன்: ...விடு எண்டன்.

கலா: விட்டன்.

கோகுலன்: கடல் பெரிசு, கலா. அதுக்கு என்னைத் தேட நேரமில்லை. உன்ரை கண்ணிவெடி அப்பிடியோ? மண்ணுக்கை ஆள் பாத்துக்கொண்டு கிடக்குது.

கலா: அது ஒருத்தரையும் பாக்கேல்லை. சண்டை முடிஞ்சதே அதுக்குத் தெரியாது. கிடந்த இடத்திலை கிடக்குது. நான்தான் தேடிப் போறன்.

கோகுலன்: கேட்டியே, நீ உன்ரை வாயாலை சொன்னதை?

கலா: ...சரி, அது அப்பிடி வந்திட்டுது.

கோகுலன்: தண்ணி குடிச்சாச்சு. வாறன்.

கலா: இருங்கோ. இன்னும் ஆறேல்லை. தேத்தண்ணி போடுறன்.

கோகுலன்: வேண்டாம். எஞ்சினுக்கு ஒரு பிளக் எடுக்கவேணும். பொழுதுபட முன்னம் திரும்பவேணும்.

கலா: ஞாயிற்றுக்கிழமையிலையோ? பிளக் எடுக்கக் கலியாண வீட்டுச் சேட்டும் சப்பாத்தும் என்னத்துக்கு? அச்சுவேலியிலை மாலை போட்டுக் கூப்பிடுகினமோ?

கோகுலன்: ...அச்சுவேலி எண்டு ஆர் சொன்னது?

கலா: நீங்கள்தான்.

கோகுலன்: நான் ஒரு இடமும் சொல்லேல்லை. நீ கேட்ட உடனை திரும்பி வந்து இருந்திட்டன்.

கலா: எனக்குத் தெரியும்.

கோகுலன்: எப்பிடி?

கலா: கஜானி போன் எடுத்தவள்.

கோகுலன்: எந்தக் கஜானி?

கலா: உங்களுக்கு எத்தினை கஜானி? அச்சுவேலியிலை இருக்கிற எங்கடை சூப்பவைசர் சிவகரனின்ரை மனுசி. 'அக்கா, உங்கடை அவர் காலமை போன் எடுத்து, இவர் இண்டைக்கு வீட்டிலை நிப்பாரோ, ஒருக்காச் சந்திக்கவேணும் எண்டு கேட்டவர். ஏதும் பிரச்சினையோ' எண்டாள்.

கோகுலன்: உவளின்ரை வாய் இருக்கே...

கலா: அதுதான் கேட்டனான். வாய் தவறேல்லை. வேணுமெண்டுதான் எங்கை எண்டு கேட்டன். படலையிலை நிண்டு மறிச்சால் நிக்கிற ஆளே நீங்கள்? அப்பிடிக் கேட்டால்தான் திரும்பி வந்து இருப்பியள்.

கோகுலன்: என்ரை சகுனத்தை வைச்சு என்னையே பிடிச்சிருக்கிறாய்.

கலா: ஓம். இனிச் சொல்லுங்கோ. அவரிட்டை என்ன கேக்கப் போனனீங்கள்?

கோகுலன்: சும்மா.

கலா: சும்மாவோ சப்பாத்துப் போட்டனீங்கள்?

கோகுலன்: ...உன்னை நிலத்திலை இறக்கவேண்டாமெண்டு. அங்கை குசினி இருக்குத்தானே, சாமான் அறை இருக்குத்தானே... ஏதாவது ஒரு மூலையிலை இருத்தச் சொல்லி.

கலா: எனக்குத் தெரியாமல்.

கோகுலன்: தெரிஞ்சால் விடுவியோ?

கலா: நான் உங்கடை போட் சொந்தக்காரரிட்டைப் போய், 'ஐயா, இந்த மனுசனைக் கடலுக்கு விடாதையுங்கோ' எண்டு கையெடுத்துக் கும்பிட்டால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்?

கோகுலன்: வெக்கக்கேடா இருக்கும்.

கலா: அதுதான் கேக்கேல்லை. நினைச்சனான். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை. அந்த மனுசனின்ரை வீட்டு வாசல் மட்டும் போயிட்டுத் திரும்பி வந்தும் இருக்கிறன்.

கோகுலன்: ...எப்ப?

கலா: சிமியோன் அண்ணையைத் தேடின கிழமை.

கோகுலன்: எனக்குச் சொல்லேல்லை.

கலா: சொல்லி என்ன. நீங்கள் உங்கடை தொழிலைச் செய்யிறியள், நான் என்ரை தொழிலைச் செய்யிறன். இவ்வளவு காலமும் போக விட்டனீங்கள். இண்டைக்கு மட்டும் என்ன புதுசா?

கோகுலன்: இது வேறை, கலா.

கலா: என்ன வேறை?

கோகுலன்: போன கிழமை கருவாடு பொரிக்கேக்கை சட்டியை அப்பிடியே விட்டிட்டுக் கிணத்தடிக்கு ஓடினாய்.

கலா: புகை கண்ணிலை பட்டுது.

கோகுலன்: அடுத்தநாளும் ஓடினாய். நித்திரையிலை உன்ரை கை வயித்திலை கிடக்குது. முந்தி ரெண்டு தரமும் நீ அப்பிடித்தான் படுத்தனி. நான் மறக்கேல்லை.

கலா: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும்...

கோகுலன்: நீயாச் சொல்லட்டும் எண்டு பாத்தன். நீ சொல்லேல்லை. நீ பாட்டுக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வானிலை ஏறிப் போறாய். வலை பொத்தக் குந்தினால் கண்ணுக்குள்ளை உந்தச் சிவப்புத் தடிதான் நிக்குது. நீ ஒருத்தி அங்கை குனியிறதே எனக்குக் கூடிப்போச்சு. இப்ப பிள்ளையும்... என்னாலை ஏலாது, கலா. மூண்டாந்தரமும் ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்து உன்ரை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது.

கலா: அழாதையுங்கோ.

கோகுலன்: ஆர் அழுறது.

கலா: நல்ல சேட்டிலை துடைக்காதையுங்கோ. இந்தாங்கோ, என்ரை சீலை. நான் நிலத்திலை இறங்கேல்லை.

கோகுலன்: என்ன?

கலா: பிள்ளைத்தாச்சியளை அவை இறக்கமாட்டினம். அங்கை அது கண்டிப்பு. எனக்குத் தெரிய வந்த அண்டைக்கே சிவகரனிட்டைச் சொல்லிப்போட்டன். அண்டையிலை இருந்து சாமான் அறையிலைதான் இருக்கிறன். முகக்கவசம் துடைக்கிறன், டிடெக்டருக்குப் பற்றறி மாத்திறன். சும்மா இருந்து இருந்து இடுப்பு நோகுது.

கோகுலன்: அப்ப... நான் போய்க் கேட்டிருந்தால்?

கலா: அந்த மனுசன் சிரிச்சிருக்கும். உங்களுக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். அதுதான் மறிச்சனான்.

கோகுலன்: அவனுக்குத் தெரியும். பெத்த தேப்பனுக்குத் தெரியாது.

கலா: இன்னும் பெறேல்லை.

கோகுலன்: பகிடி விடாதை. ஏன் எனக்குச் சொல்லேல்லை? சொன்னால் தங்காதெண்டோ? முந்தின மாதிரி ஆகிடுமெண்டோ?

கலா: அதுவும் கொஞ்சம்.

கோகுலன்: மிச்சம்?

கலா: வாடைக்காத்து துவங்கப்போகுது, கடல் பொங்கும்.

கோகுலன்: அதுக்கு?

கலா: நீங்கள் திருவிழாவுக்குப் போற மாதிரி விசிலடிச்சுக்கொண்டு கடலுக்குப் போறனீங்கள். அந்த விசிலைக் கேட்டுத்தான் நான் கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கிறனான். உவ்வளவு தைரியமாப் போற மனுசனைக் கடல் என்ன செய்யும் எண்டு... எங்களுக்குப் பயிற்சியிலை முதல் சொல்லித்தந்தது இதுதான். கை நடுங்கிற நாளிலை இறங்கக்கூடாது. நிலத்தாலை இல்லை, நடுக்கத்தாலைதான் பிழைக்கும் எண்டு. உங்களுக்குச் சொன்னால் நீங்கள் பிள்ளையையே நினைச்சுக்கொண்டு போவியள். அலை அடிக்கேக்கை கை நடுங்கும். பயமில்லாமல் போய் வந்த மனுசனுக்கு நான் பயத்தைக் கட்டிக் குடுத்து அனுப்புறதோ? அதுதான்... வாடை முடியட்டும் எண்டு இருந்தன்.

கோகுலன்: கலா.

கலா: ம்.

கோகுலன்: உந்த விசில் ஒழுங்கை முடக்கு மட்டும்தான். அங்காலை திரும்பினால் வாய் காஞ்சுபோகும், காத்துத்தான் வரும். உன்னைக் கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் நான் பயமில்லாமல் ஒருநாளும் கடலிலை இறங்கினதில்லை.