புதிதாக வந்த பதினோரு பேர்

ஜகந்நாதன்: பத்தும் நீ பண்ணினதா?

ஹாஃபிஸா: மெதுவா, சார்... பக்கத்து மேசையில இட்லி சாப்பிடுதவரு திரும்பிப் பாக்காரு.

ஜகந்நாதன்: பார்க்கட்டும். இந்த மாட்டுங்கா பூராவும் பார்க்கட்டும். காலம்பற ஆப்போட பழைய பதிவெல்லாம் புரட்டினேன். நன்னா ஓடிண்டிருந்ததைப் பத்து இடத்துல யாரோ உடைச்சிருக்கா. பத்துலயும் உன் பேர்!

ஹாஃபிஸா: சின்னச் சின்னதாத்தான உடைச்சேன்.

ஜகந்நாதன்: சின்னதா? ஊர்லேர்ந்து வர்ற தமிழ் மெசேஜை, தமிழ் படிக்கத் தெரியாத பம்பாய்ப் பசங்க ஹிந்தி எழுத்துல படிக்கட்டும்னு நாம பண்ணின ஆப். அதுல 'ழ' வர்ற இடமெல்லாம் கட்டம் கட்டமா...

ஹாஃபிஸா: அது சோதனைப் பிரதியில. ஜனங்க ஃபோனுக்கு ஒண்ணும் போகல.

ஜகந்நாதன்: ஏன்மா? யார் மேல கோபம்?

ஹாஃபிஸா: கோபமா... இது ஓப்பன் சோர்ஸ், யாரு வேணா உள்ள வந்து சரி பண்ணலாம்னு நாமதான போர்டு மாட்டுனோம்? வர்றவங்க கையில முதல்ல சுலபமா ஒரு வேலை குடுக்கணும்லா? சுலபமானத எல்லாம் நீங்க காலையில பல்லு வெளக்குறதுக்கு முந்தியே முடிச்சிருதிய. மிச்சம் இருக்கிறது எனக்கே புரியல.

ஜகந்நாதன்: அதனால...

ஹாஃபிஸா: அதனால நானே உடைச்சு, 'புதுசா வர்றவங்களுக்கு'ன்னு சீட்டு ஒட்டி வச்சேன். வந்தாவள்லா! ஆதர்ஷ், அஷ்வத், ஸ்மிதா... மூணு மாசத்துல பதினோரு பேரு. நாலு வருஷமா நீங்களும் நானும் மட்டும் மாவாட்டிக்கிட்டு இருந்த இடத்துல!

ஜகந்நாதன்: பதினோரு பேர்...

ஹாஃபிஸா: காபிய ஏன் அப்படிப் பாக்கிய? ஈ விழுந்திருக்கா?

ஜகந்நாதன்: ஹாஃபிஸா... தீபாவளிக்கு நீ என்ன சொன்னே?

ஹாஃபிஸா: பொங்கலுக்குள்ள ஒரு புது ஆளாவது வரலன்னா நான் கிளம்புதேன், கடையச் சாத்திருவோம்னு சொன்னேன். அதுக்கென்ன?

ஜகந்நாதன்: நீ போயிட்டா நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்... ஆதர்ஷ் நான்தான்.

ஹாஃபிஸா: என்னது?

ஜகந்நாதன்: அஷ்வத்தும்.

ஹாஃபிஸா: யா அல்லா... ஸ்மிதா?

ஜகந்நாதன்: ஸ்மிதாவும்.

ஹாஃபிஸா: ஸ்மிதாவுக்கு மாமியா தொல்லைன்னு நான் மூணு பக்கம் ஆறுதல் எழுதுனேனே, சார்!

ஜகந்நாதன்: ரொம்ப உபயோகமா இருந்தது. ஆத்துல படிச்சுக் காட்டினேன். எங்கம்மாவும் என் ஒய்ஃபும் இப்போ ஒண்ணாயிட்டா. சேர்ந்து என்னைத் திட்டறா.

ஹாஃபிஸா: சிரிக்காதிய! அப்போ... நான் உடைக்க, நீங்க ஒட்ட... மூணு மாசமா நாம ரெண்டு பேரு மட்டுந்தானா?

ஜகந்நாதன்: உடைச்சது நீன்னு இன்னிக்குத்தானே தெரியும். அம்பத்தோரு வயசுல காலேஜ் பையன் மாதிரி தப்புத் தப்பா ப்ரோக்ராம் எழுதறது சுலபம்னு நினைக்கறியா? தப்பு என்னவோ தானா வந்தது. பையன்தான் வரலை.

ஹாஃபிஸா: அய்யோ... பதினோரு பேருமா?

ஜகந்நாதன்: பத்து. பதினோராவது பரீஹா நீதான். அதையாவது ஒத்துக்கோ.

ஹாஃபிஸா: நானா? பரீஹா நான் இல்ல.

ஜகந்நாதன்: அரே, போதும்மா. இருக்கற இடம் தாராவின்னு போட்டிருக்கா, உன்னை மாதிரியே எழுதறா...

ஹாஃபிஸா: தாராவியில நான் ஒருத்தி மட்டுந்தான் இருக்கேனா? அவ சரி பண்ணது நான் உடைச்ச பத்துலயே கிடையாது, சார். மெசேஜ்ல '½'ன்னு வந்தா நம்ம ஆப் அத முழுங்கிருது. ஊர் டாக்டர் அவ உம்மாக்கு '½ மாத்திரை'ன்னு எழுதி அனுப்பினத, இவ வெறும் 'மாத்திரை'ன்னு படிச்சு முழுசா குடுக்கப் போயிருக்கா. நல்ல வேளை, உம்மா சந்தேகப்பட்டுக் கேட்டிருக்காவ.

ஜகந்நாதன்: நாலு வருஷமா நம்ம கண்ல படலையே...

ஹாஃபிஸா: அவ கண்ணுல பட்டுது. உக்காந்து தானே படிச்சு, திருத்தி, நேத்து அனுப்பிருக்கா. 'முதல் முறை, தப்பா இருந்தா மன்னிக்கணும்'னு கீழ எழுதி... ஏன் சார் இப்படி வேர்க்குது?

ஜகந்நாதன்: நிஜமான ஆளா?

ஹாஃபிஸா: நிஜமான ஆளு.

ஜகந்நாதன்: பத்துலயும் உன் பேரைப் பார்த்த கோபம்... நான் பண்ணின திருட்டுத்தனத்தை நீயும் பண்றேன்னு நினைச்சுண்டு, காலம்பற அவளுக்கு ஒரு பதில் போட்டேன்.

ஹாஃபிஸா: என்னன்னு?

ஜகந்நாதன்: 'இந்த வேஷம் போதும். நீ யாருன்னு தெரியும். வந்த வழியே போ.'

ஹாஃபிஸா: எல்லாரும் பாக்குற இடத்துலயா?

ஜகந்நாதன்: எல்லாரும் பார்க்கற இடத்துல.

ஹாஃபிஸா: ...ஃபோனக் குடுங்க.

ஜகந்நாதன்: பதில் வந்திருக்கா?

ஹாஃபிஸா: 'சாரி சார். தெரியாம வந்துட்டேன்.' அம்புட்டுதான். அக்கவுண்டையே அழிச்சிட்டா.

ஜகந்நாதன்: பகவானே... நெஜமா வந்தது ஒருத்தி. அவளைப் போய்... இப்போ மன்னிப்பு எங்கே போய்க் கேப்பேன்? நம்ம ஆப் பக்கத்தோட வாசல்லயே எழுதி ஒட்டறேன். தப்பு என்னோடதுன்னு, என் சொந்தப் பேர்ல.

ஹாஃபிஸா: ஒட்டுங்க, இப்பவே. அவ திருத்தத்தையும் அவ பேரோடயே சேத்துருங்க.

ஜகந்நாதன்: சேர்க்கறேன். ஆனா இப்படி விரட்டினப்பறம் எவ திரும்பி வருவா?

ஹாஃபிஸா: வருவா. எட்டு மாசம் ஆவும். தெனமும் அந்தப் பக்கத்தத் தெறந்து பாப்பா. எழுதுவா, அழிப்பா, எழுதுவா... பெறகு வருவா.

ஜகந்நாதன்: அதெப்படி மாசக் கணக்கோட சொல்றே? நீ வந்த அன்னிக்கு நான் நன்னாத்தானே பேசினேன்?

ஹாஃபிஸா: அது ரெண்டாந் தடவ, சார். முத தடவ வந்து நீங்க விரட்டுனப்ப எனக்கு வேற பேரு.