வெறுந்துகளையும் சோதிக்கச் சொன்னவருக்கு

அறிவால் உயர்ந்து அன்பால் கனிந்த எங்கள் ஆய்வகத் தலைவரே! ஐயம் என்னும் அருங்குணத்தையே அணிகலனாய்ப் பூண்ட அம்மையே! அடைமழை நாளிலும் ஆய்வகக் கதவை எங்களுக்கு முன்பே திறந்துவைத்து, நாங்கள் நுழையும்போது சுவர்க்கடிகாரத்தை மட்டும் பார்க்கும் பெருந்தகையே! வணக்கம்.

புற்றுக்கட்டியை வளரச் சொல்லும் மரபணுவின் வாயை அடைக்கவல்ல மூலக்கூறைக் கொழுப்பாலான நுண்துகளுக்குள் பொதிந்து, கட்டியின் வாசல்வரை கொண்டுசேர்ப்பது நம் பணி. இரத்தத்தில் தனியே விட்டால் வழியிலேயே சிதைந்துபோகும் அந்தச் செல்லப்பிள்ளைக்கு நல்ல வண்டி கட்டித் தருவதிலேயே உங்கள் இளமை கழிந்தது.

எலிகளின் கட்டி முதன்முதலாகச் சுருங்கிய நாளை மறப்போமா! இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டோம். நீங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "எல்லாம் சரிப்பா, உள்ள ஒண்ணும் வைக்காத வெறும் துகளப் போட்டுப் பாத்தீங்களா?" என்றீர்கள். போட்டுப் பார்த்தோம். அதற்கும் கட்டி சுருங்கியது! மருந்து ஒன்றும் செய்யவில்லை. வண்டியின் கொழுப்பே உயிரணுக்களைக் கொன்றிருந்தது. நிதிக்குழுவின் முன் நீங்களே எழுந்து அதைச் சொன்னபோது, "மேடம் நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க" என்று கருவி அறையில் முணுமுணுத்தவர்கள் இன்று முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டோம்.

நிதி நின்றது, நீங்கள் நிற்கவில்லை. துகளின் கொழுப்பை மாற்றினீர்கள், மறுபடி மாற்றினீர்கள், நாங்கள் சலித்த பிறகும் மாற்றினீர்கள். ஒருநாள் வெறுந்துகள் சும்மா கிடக்க, மருந்தேற்றிய துகளுக்கு மட்டும் கட்டி கரைந்தது. ஒன்றும் நடக்காததைக் கண்டு கைதட்டிக் கூத்தாடிய ஆய்வகம் நம்முடையதாகத்தான் இருக்கும்!

அடுத்த மாதம் அம்மருந்து முதன்முதலாக ஒரு நோயாளியின் உடலுக்குள் போகிறது. இன்றோடு ஓய்வுபெறும் நீங்கள் அன்று இங்கே இருக்கமாட்டீர்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்கரித்துச் சொல்லத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருங்கம்மா" என்று கெஞ்சினோம். "நான் இல்லாமயும் செஞ்சு பாருங்க, அப்பத்தானே தெரியும்!" என்று சிரித்துவிட்டீர்கள்.

அம்மையே! நோயின்றி, நிறைவாக, நெடுநாள் வாழுங்கள். மதியத் தூக்கம் என்ற ஒன்று உலகில் இருக்கிறது. அதையும் சோதித்துப் பாருங்கள். நாளைமுதல் நீங்கள் இல்லாத இந்த ஆய்வகம்தான் உங்கள் வெறுந்துகள். ஆனாலும் உள்ளே எதையோ வைத்துவிட்டுத்தான் போகிறீர்கள் என்று நம்புகிறோம். அடுத்த மாதம் தெரிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு இன்றும் அஞ்சும்
ஆய்வகத்தார் அனைவரும்
(கருவி அறையில் முணுமுணுத்தவர்கள் உட்பட)