ஓர நெரை

மலிவான சாமான் என்று எதையும் ஏளனம் பண்ணக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. விழுந்த குளவிக்கூட்டில் ஈயக் குண்டு கிடைத்தும், "இந்த ஓட்டைத் துப்பாக்கியால அவ்வளவு உசரத்த அடிக்க ஏலுமா?" என்று சிரித்தீர்களே, அதற்காகத்தான் வாயைத் திறக்கிறேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் பார்த்த கை இது.

மரக்கறித் தோட்டத்துக் குரங்கை விரட்டத்தான் அந்தக் காற்றுத் துப்பாக்கியை வாங்கினேன். முதலில் கண்ட இடத்தில் அடித்தது. ஆணிகள் ஆடின, முடுக்கினேன். குழலுக்குள் பிசுபிசுவென்று எண்ணெய். துணி விட்டுத் துடைத்தேன். குண்டுகளைக் கண்ணாடியில் உருட்டி, கோணலாக ஓடியவற்றை வீசினேன். கடைசியில்தான் சூட்சுமம் பிடிபட்டது. இறுக்கிப் பிடித்தால் துள்ளும். பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல் ஏந்தினால் சொன்ன இடத்தில் போய் விழும்.

பேச்சியம்மாவை நீங்கள் விசாரணையில்தான் பார்த்தீர்கள். நான் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். சீ! வெற்றிலையைக் குதப்பி என் வாசல் சாக்கடைக் கானில் துப்புவாள். மூக்கைச் சிந்தி என் கதவு நிலையில் துடைப்பாள். அதே கையால் என் பெண்சாதி காளியாயிக்கு ரொட்டி நீட்டுவாள். இவளும் வாங்கித் தின்பாள். எனக்குச் சோறு இறங்காது.

"மனுசங்கதானேங்க, விடுங்க" என்பாள் காளியாயி. மனுஷருக்கு ஓர் அளவு வேண்டாமா?

கொழுந்து பறிக்கும் மலையில் ஓர நெரை, அந்தக் கடைசிச் செடி வரிசை, எப்போதும் பேச்சியம்மாவுக்குத்தான். கங்காணி அழகுமுத்து காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போதே நெரை பிரித்துவிடுவார். அந்த நெரைக்கு மேலே சவுக்கு மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. "உசரத்துலதானே இருக்கு, சத்தம் போடாம கொழுந்தெடுங்க" என்று விட்டுவிட்டார். எங்கள் தோட்டங்களில் குளவி கொட்டிச் செத்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அன்று துப்பாக்கியோடு மேட்டுப் புதருக்குள் படுத்தேன். ஓர நெரையில் துணி கட்டிய தலை ஒன்று குனிந்திருந்தது. யாருடைய தலை என்று பார்க்கவில்லை. என் கண் கூட்டின் மேலிருந்தது. ஒரே குண்டு.

அலறல் கேட்டபோதும் நான் பதறவில்லை. குரல்தான் தெரிந்த குரலாக இருந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே காளியாயி அடங்கிவிட்டாள். அன்று அவளுக்கு முழங்கால் வலி. சரிவில் நிற்க முடியாதென்று பேச்சியம்மா சமதரையில் இருக்கும் தன் ஓர நெரையை அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். குளவி மொய்த்ததும் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து இவளை மூடி, மேலேயே விழுந்து படுத்திருக்கிறாள்.

முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் பேச்சியம்மா சாவு வீட்டுக்கு வந்தாள். என் காலைக் கட்டிக்கொண்டு, "நான்தாண்ணே மதினிய அங்க நிக்க வச்சேன். நான்தாண்ணே கொன்னுட்டேன்" என்று கதறினாள். அவள் சளி என் காலில் பட்டது. காலை உதறி இழுத்துக்கொண்டேன்.

"ஆமா, நீதான்" என்றேன்.

அதில் பொய் என்ன இருக்கிறது? நெரையை மாற்றிக்கொண்டது அவர்கள். என் குறி ஒரு விரற்கடைகூட விலகவில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.