நாற்பதில் வந்திருந்தால்

என் காரில் ஐந்தாவது கியர் இன்னும் புதிதாகவே இருக்கிறது. வாங்கி ஆறு வருடமாகிறது. அதைப் போடும் தேவை அதிகம் வந்ததில்லை. நகருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் சேர்ந்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் சார், நேற்று நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. அவ்வளவு வேகமான ஒரு காரைப் பொதுச் சாலையில் வைத்து ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா, சாலைப் பொறியாளர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன என்று கேட்டீர்கள். சகலை மேல் போட்டிருக்கும் வழக்குக்கு உதவும், ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடியவில்லை.

முதலில் கேள்விக்குப் பதில். அர்த்தம் இல்லை. எந்தச் சாலையையும் ஒரு வேகத்தை மனதில் வைத்துத்தான் போடுகிறோம். வளைவு எவ்வளவு வளையலாம், எதிரில் வருவது எத்தனை மீட்டருக்கு முன்னால் கண்ணில் பட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்து வருகிறது. எங்கள் நகராட்சி எல்லைக்குள் அந்த எண் அறுபதைத் தாண்டிய சாலை ஒன்றுகூட இல்லை. சகலையின் கார் நான்கு வினாடியில் நூறைத் தொடும். தீயணைப்பு வண்டிக்குக்கூட அந்த அவசரம் கிடையாது.

இதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் என் மனைவியின் அக்கா கணவர். பல் டாக்டர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர், தன் வாயை மூடி நான் பார்த்ததில்லை. என் மாமியார் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பெரிய மாப்பிள்ளை வந்தா வீடே கலகலன்னு ஆயிடும். சின்னவர் வந்தா செருப்பெல்லாம் வரிசையா இருக்கும்." பாராட்டாகத்தான் சொன்னார். நான் செருப்புகளை வரிசையாக வைப்பவன்தான்.

கார் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமியார் வீட்டு வாசலில் நின்றோம். சாம்பல் நிறம். தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டே இருக்கை. நான் சாலை, வேகம், பார்வைத் தூரம் பற்றிச் சொன்னேன்.

"சகலை, நீங்க சொல்றதெல்லாம் சரி. முதல்ல மார்க்கெட் ரோட்டுக் குழியை மூடுங்க. தவழ்ந்து வந்திருக்கேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள்தான் அந்தக் காருக்குத் தவளை என்று பெயர் வைத்தாள்.

"மாமா, இப்ப கத்துனது தவளையா, உங்க வயிறா?"

"ரெண்டும்தான். ஏறு, எது அதிகமா கத்துதுன்னு பார்ப்போம்."

மாமியார் ஒரு ரவுண்டு போய் வந்தார். பிறகு மனைவியின் அக்கா. பிறகு என் மனைவி. என்னையும் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பதினோரு நிமிடம் கழித்து வந்தாள். நூற்றெண்பதைத் தொட்டதாகச் சகலை சொன்னார். தலைமுடி கலைந்திருந்தது. இறங்கத் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தண்ணீர் கேட்டாள். குடிக்க முடியாமல் சிரிப்பு வந்து புரை ஏறியது. கல்யாணமாகி மூன்று வருடம். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். நாள் முழுக்க அரையிருட்டு அறையில், வந்தவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லை மாற்றி இன்னொன்றை வைத்து, "இது தெளிவா, முன்னால பார்த்தது தெளிவா?" என்று கேட்க வேண்டும். அதுதான் வேலை. அன்று இரவு சாப்பிடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள்.

அடுத்த வாரம் நான் அவளை அழைத்துக்கொண்டு பிஸ்கட் தொழிற்சாலைச் சாலைக்குப் போனேன். மூன்று கிலோமீட்டர் நேர்ச்சாலை அது. ஐந்தாவது கியர் போட்டேன். தொண்ணூறு வரை போனேன். அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அவள் கதவுக்கு மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"வேணாங்க. பயமா இருக்கு. மெதுவாப் போங்க."

அவரோடு நூற்றெண்பதில் சிரித்தவள் என்னோடு தொண்ணூறில் பயந்தாள். இது ஒரு தகவல். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பொறியாளருக்குத் தகவல் முக்கியம்.

கல்யாணமான முதல் மாதத்தில் அவள் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். நாப்பது. நான் ஓட்டும் வேகம். வீட்டுக்குள் மட்டும், பெரும்பாலும் காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்வாள். "ஏய் நாப்பது, தூங்கிட்டியா?" வேறு யார் எதிரிலும் அவள் என்னை ஒருமையில் பேசியது கிடையாது.

ஜூன் மாதம் கடைவாய்ப் பல் வலித்தது. சகலையின் கிளினிக்குக்குப் போனேன். சொந்தக்காரர் இருக்கும்போது வெளியே போனால் தப்பாக நினைப்பார்கள். நாற்காலியைச் சாய்த்தார். வாயில் பஞ்சு வைத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினார். பிறகு குனிந்து கேட்டார்.

"என்ன நாப்பது, வலிக்குதா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். என் வாய் திறந்திருந்தது.

"கோச்சுக்காதீங்க சகலை. அன்னைக்கு ரவுண்டு போனப்ப மச்சினி சொன்னா. வண்டி நூறைத் தாண்டுது, 'மாமா, எங்க வீட்டு நாப்பது மட்டும் இதைப் பார்த்தா மயக்கம் போட்டுடும்'ங்கிறா. எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியல, அவ்வளவு சிரிப்பு."

அந்தப் பதினோரு நிமிடத்தில் அவள் எதற்குச் சிரித்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. காருக்கு இல்லை. பல்லை நன்றாகவே அடைத்தார். இன்றுவரை வலி இல்லை. அவருடைய தொழிலைக் குறை சொல்ல மாட்டேன்.

பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு இரண்டு வருடமாக என் இழுப்பறையில் இருந்தது. பல் அடைத்த மறுநாள் அதை எடுத்தேன். நியாயமான மனு. ஷிப்ட் முடிந்து அவர்கள் சாலையைக் கடக்கிறார்கள். அதே சாலையில்தான் சகலை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குமேல் தன் காரை ஓட்டிப் பார்ப்பார். தொழிற்சாலைக்கு அன்று விடுமுறை. ஆள் நடமாட்டம் இருக்காது.

அடுத்த முறை மாமியார் வீட்டில் சந்தித்தபோது பையில் ஸ்டீல் டேப் கொண்டுபோனேன். எல்லோரும் உள்ளே இருந்தார்கள். காருக்கு முன்னால் மண்டியிட்டு, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே அளந்தேன். பதினொரு சென்டிமீட்டர். நிமிர்ந்தால் சகலை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அட, சகலைக்கும் ஆசை வந்துடுச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். என் தோளில் கை போட்டார். "ஒரு நாள் வாங்க. நானே ஓட்டக் கத்துத் தர்றேன்."

என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் நெருங்கிப் பழக வேண்டும் என்பது அவள் ஆசை.

விதிப்படி வேகத்தடையின் உயரம் பத்து சென்டிமீட்டர். நான் போட்டது பன்னிரண்டு. இரண்டு சென்டிமீட்டர் கூடுவது குறைவது எங்கள் வேலையில் சகஜம். நாற்பதில் வருபவருக்கு அதனால் ஒரு சிறு குலுக்கல். அவ்வளவுதான். என் காரிலேயே ஏறி இறங்கிப் பார்த்தேன். மேல்சட்டைப் பையில் இருந்த பேனாகூட விழவில்லை.

வேலை சனிக்கிழமை காலை நடந்தது. மதியத்துக்குள் ரோலர் போய்விட்டது. புதுத் தார் சூடு ஆறிய பிறகுதான் மேலே வெள்ளைக் கோடு அடிக்க முடியும். அதுவரை கறுப்புச் சாலையில் கறுப்பு மேடு. எதிரே வருபவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதற்காகத்தான் இருபக்கமும் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து, சிவப்பாக மின்னும் ஒரு விளக்கும் வைப்போம். மேஸ்திரி ஆறு கூம்புகள் வைத்தார்.

"சார், சாயங்காலமே வந்து பெயின்ட் அடிச்சிடட்டுமா? ஆளுங்க இருக்காங்க."

"திங்கட்கிழமை அடிச்சிக்கலாம்."

"எச்சரிக்கைப் பலகை?"

"அதையும் அன்னைக்கே நட்டுடலாம்."

"நீங்க சொன்னா சரி சார்."

அவர் மேல் தப்பு இல்லை. அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

ஐந்தரை மணிக்கு நான் தனியாகப் போய் ஆறு கூம்புகளையும் விளக்கையும் எடுத்து என் கார் டிக்கியில் வைத்தேன். வடிகால் வேலைக்குத் தேவைப்பட்டதாகப் பதிவேட்டில் எழுதினேன். அன்று எங்கேயும் வடிகால் வேலை நடக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்தரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது வரை, பதின்மூன்று மணி நேரம், அந்தச் சாலை திறந்தே இருந்தது. கடைசி ஷிப்ட் பஸ் போயிருக்கிறது. பால் வேன் போயிருக்கிறது. சைக்கிள்காரர்கள் போயிருக்கிறார்கள். குலுங்கியிருப்பார்கள், எங்கள் துறையைத் திட்டியிருப்பார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மேடு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாற்பதில் வந்திருந்தால் சகலைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வேண்டுமானால் முன்பக்கம் கொஞ்சம் உரசியிருக்கும். நான் எதிர்பார்த்தது அதைத்தான். அந்தக் கார் வாயில் ஒரு பல் உடைய வேண்டும், அவர் இறங்கி நின்று அதைப் பார்க்க வேண்டும், எல்லோரும் இருக்கும்போது நான் என் கருத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

நூற்று அறுபத்திரண்டில் வந்ததாகக் காரே பதிந்து வைத்திருந்தது. அந்த எண் கிடைத்த பிறகு யாரும் வேறு எதையும் தேடவில்லை. கார் மேட்டில் மோதித் திரும்பித் தொழிற்சாலைச் சுவரில் நின்றது. சுவர்ப் பக்கம் இருந்தது என் மனைவி. சகலைக்கு மணிக்கட்டும் நான்கு விலா எலும்புகளும் உடைந்தன.

ஏழு வாரம் ஆகிறது. நான் அழவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். சகலை அழுதார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கட்டுப் போட்ட கையோடு என் காலில் விழுந்தார். "சகலை, நான்தான் கொன்னுட்டேன். நான்தான்." மாமியார் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். மனைவியின் அக்காவும் அவரோடு சேர்ந்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு யாரோ நாற்காலி போட்டார்கள்.

அவருடைய வாக்குமூலத்தை நேற்று நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கடைசி வரை அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கிறார். "இன்னும் கொஞ்சம், மாமா" என்றாளாம். அதைப் படிக்கும்போது உங்கள் குரல் தணிந்தது. பிறகு குற்றப்பத்திரிகையின் முதல் வரியைப் படித்தீர்கள். அவர் ஓட்டிய வேகத்தால் அவள் இறந்தாள். அந்த வாக்கியத்தில் அவர் இருக்கிறார், அவள் இருக்கிறாள். நான் இல்லை. செய்தித்தாளிலும் அப்படித்தான் வந்தது, இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில். இனி இந்த ஊரில் அவளைப் பற்றி யார் பேசினாலும் அவரையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

அதனால் ஒரு பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது. அன்று அவள் அந்தக் காரில் இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கடையிலிருந்து போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில மாமா தவளையில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறாராம். போயிட்டு வரட்டுமா? அக்கா சரின்னுட்டா."

"எந்தப் பக்கம்?"

"எப்பவும் போற பக்கந்தான். பிஸ்கட் கம்பெனி ரோடு."

"நாற்பதுக்கு மேல போக வேணாம்னு சொல்லு."

"அப்புறம் எதுக்குங்க அந்தக் கார்?"

அவளும் கடைசியில் என் கருத்துக்கே வந்துவிட்டாள் என்று தோன்றியது.

"பெல்ட் போட்டுக்கோ" என்றேன்.

"சரி, நாப்பது."

ஐந்தரைக்குக் கூம்புகளை எடுத்தேன். அந்தப் போன் வருவதற்கு முன்பே எடுக்கும் எண்ணம் இருந்ததா என்று ஏழு வாரமாக யோசிக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் அவளை வாசல்வரை போய் அனுப்பினேன். திரும்பி வந்து, அவள் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன செருப்பை நேராக வைத்தேன்.

பெல்ட் போட்டிருந்தாள் என்று அறிக்கையில் இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவன் பெல்ட் போடச் சொல்வானா என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் காரில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டது என் பேச்சைத்தான்.

ஆகவே முதல் வரியை மாற்றி எழுதுங்கள். அவளைக் கொன்றது அவர் இல்லை, நான். அவருக்கு அதில் பங்கு வைக்க வேண்டாம். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவருடையது எதுவும் எனக்கு வேண்டியதில்லை. என் மனைவியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.